ஓட்டோ நின்றது, தவணை நிற்கவில்லை

கொரோனாவும் அதன் பின்னால் வந்தவையும் வன்னியின் சாரதிகளையும் நடத்துனர்களையும் எங்கே கொண்டுபோய் விட்டன?

ஒரு மாதம் ஸ்டார்ட் பண்ணாமல் விட்ட ஓட்டோவைத் திரும்ப எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். முதலில் பற்றரி இறங்கிவிடும். காபரேற்றருக்குள் மிஞ்சிக் கிடந்த பெற்றோல் பிசுபிசுத்துப் போகும். பிரேக் இறுகிப்போய்ச் சில்லு உருள மறுக்கும். கொட்டிலுக்குள் விட்டிருந்தால் எலி வயரைக் கடித்து வைத்திருக்கும், வெளியில் விட்டிருந்தால் வன்னி வெயிலில் ஹூட் வெடித்திருக்கும். 2020 ஏப்ரல் பிற்பகுதியில் பகல் நேர ஊரடங்கு தளர்ந்து சாரதிகள் வண்டியைத் தள்ளிக்கொண்டு வீதிக்கு வந்தபோது, கையிலிருந்த கடைசிக் காசு கராஜுக்குத்தான் போனது.

மார்ச் 20 வெள்ளிக்கிழமை மாலை 6 மணிக்கு நாடு முழுவதும் ஊரடங்கு போட்டார்கள். திங்கள் காலை வரை என்றுதான் முதல் அறிவிப்பு. இரண்டு நாள்தானே என்று வண்டியை நிறுத்தினார்கள். பிறகு நீட்டினார்கள், இடையில் சில மணி நேரம் திறந்தார்கள், மறுபடி பூட்டினார்கள். அந்த ஒரு மாதமும் வன்னியில் ஓடாமல் நின்ற வண்டிகளுக்கு நிற்காமல் ஓடியது லீசிங் வட்டி ஒன்றுதான்.

இந்த மனிதர்களைப் பற்றிப் பேசும்போது ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். லீசிங் கம்பனியின் கணினியில் அவர்களுடைய பெயர், அடையாள அட்டை இலக்கம், வீட்டு விலாசம், பிணை நின்றவர்களின் தொலைபேசி இலக்கம் எல்லாம் இருந்தன. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் வண்டியின் இஞ்சின் இலக்கம் வரை இருந்தது. அவர்கள் ஒரு தொழில் செய்து குடும்பம் நடத்துகிறவர்கள் என்பதற்கு மட்டும் பிரதேச செயலகத்தில் ஒரு வரி இல்லை. கடன்காரர் என்று எழுத்தில் உண்டு, வாகன உரிமையாளர் என்று எழுத்தில் உண்டு, தொழிலாளி என்று இல்லை. நிவாரணம் வந்தபோது அந்த இல்லாத வரிதான் அவர்களை வரிசைக்கு வெளியே நிறுத்தியது.

தூரம்தான் தொழில்

யாழ்ப்பாண மாவட்டம் ஏறத்தாழ ஆயிரம் சதுர கிலோமீற்றர். 2012 குடிசன மதிப்பீட்டின்படி அங்கே 5 இலட்சத்து 83 ஆயிரம் பேர். முல்லைத்தீவு மாவட்டம் அதைவிட இரண்டரை மடங்கு பெரியது, சனம் 92 ஆயிரம் அளவுதான். ஒரு சதுர கிலோமீற்றருக்கு நாற்பது பேர்கூட இல்லாத மண்ணில் பஸ் ஓட்டி இலாபம் காண்பது லேசான காரியமில்லை.

பரந்தனிலிருந்து விசுவமடு, புதுக்குடியிருப்பு வழியாக முல்லைத்தீவுக்குப் போகிற ஏ35, மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் வழியாகப் போகிற ஏ34, நடுவே முதுகெலும்பாய் ஏ9. இந்தப் பெருவீதிகளில் இ.போ.ச. பஸ்ஸும் தனியார் பஸ்ஸும் மாறிமாறி ஓடும். பெருவீதியை விட்டு உள்ளே இறங்கினால், அக்கராயனோ துணுக்காயோ நெடுங்கேணிக்கு அப்பாலுள்ள எல்லைக் கிராமங்களோ, பஸ்ஸை நம்பி ஒரு நாளைத் திட்டமிட முடியாது. காலையில் போகிற பஸ்ஸைத் தவறவிட்டால் பின்னேரம்தான். இடையில் வருகிற எல்லாத் தேவைக்கும் ஓட்டோதான். பாம்பு கடித்தால் ஓட்டோ. பிள்ளைப்பேற்று வலி கண்டால் ஓட்டோ. 1990 சுவசெரிய அம்புலன்ஸ் 2018 இல் வடக்குக்கு வந்தது பெரிய ஆறுதல். ஆனால் அம்புலன்ஸ் அவசரத்துக்குத்தான் வரும். நீரிழிவுக்கும் பிரஷருக்கும் மாதம் ஒருமுறை கிளினிக்குக்குப் போகிற கிழவியை அது ஏற்றாது.

“அண்ணை, நாளைக்குக் கிளினிக். விடிய ஐஞ்சரைக்கு வருவியளோ?” இப்படி வருகிற அழைப்புகள்தான் கிராமத்து ஓட்டோச் சாரதியின் நிரந்தர வருமானம். அதோடு பாடசாலைப் பிள்ளைகள். ஐந்தாறு வீட்டுப் பிள்ளைகளை மாதக் கணக்கில் பேசிக் காலையில் ஏற்றி, இரண்டு மணிக்குத் திரும்ப இறக்குவது. தவணைக் காசை இந்த மாதக் கணக்கை நம்பித்தான் பேசியிருப்பார்கள். தரிப்பிடத்தில் வரிசையில் நின்று பிடிக்கிற ஹயர் அரிசிக்கும் பெற்றோலுக்கும்.

இதற்கு மேலே வருவதெல்லாம் பருவத்தைப் பொறுத்தது. பெரும்போக நெல் அறுவடையாகி மாசி, பங்குனியில் விவசாயியின் கையில் காசு புழங்கும்போது தரிப்பிடத்திலும் புழங்கும். வைகாசி விசாகத்தையொட்டி வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கல். அந்த ஓர் இரவுக்கு வன்னி முழுவதிலுமிருந்து பஸ்கள் நிரம்பி வழியும், விடியும்வரை ஓட்டோவுக்கு ஓய்விராது. ஓகஸ்ட் 15 இல் மடு மாதா திருவிழா, அதற்கு வவுனியாதான் வாசல். ஆடி ஆவணியில் கனடா, சுவிஸ், லண்டன் என்று போனவர்கள் ஊருக்கு வருவார்கள். கட்டுநாயக்கவுக்கு ஒரு வான் ஹயர் கிடைத்தால் அந்த மாதத்துத் தவணையில் பெரும்பங்கு அதிலேயே முடிந்துவிடும்.

2020 மார்ச் 19 இல் விமான நிலையம் மூடப்பட்டது. பயணிகளுக்கு அது முறையாகத் திறந்தது 2021 ஜனவரி 21 இல். வற்றாப்பளைப் பொங்கல் 2020 இலும் 2021 இலும் வெளியூர்ச் சனம் இல்லாமல் நடந்தது. மடுவிலும் ஆட்தொகையைக் கட்டுப்படுத்தினார்கள். பாடசாலைகளை 2020 மார்ச் 13 இல் மூடினார்கள், ஜூலையில் படிப்படியாகத் திறந்தார்கள், ஒக்டோபரில் மறுபடி மூடினார்கள். 2021 ஏப்ரல் கடைசியில் மூடியவை ஒக்டோபர் 21 இல்தான் திறக்கத் தொடங்கின, அதுவும் சிறிய பாடசாலைகளின் ஆரம்ப வகுப்புகள் மட்டும். கிளினிக் நோயாளிகளுக்கு மருந்தைத் தபாலிலும் வீட்டுக்கும் அனுப்ப ஏற்பாடு செய்தார்கள். நோயாளிகளுக்கு அது நல்ல ஏற்பாடு, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் விடிய ஐந்தரை அழைப்பும் அதோடு நின்றது.

முறிகண்டியைப் பார்த்தால் இந்தத் தொழிலின் சங்கிலி எவ்வளவு நீளம் என்பது விளங்கும். ஏ9 இல் போகிற வாகனம் எதுவானாலும் முறிகண்டிப் பிள்ளையாரடியில் நிற்கும். சாரதி இறங்கித் தேங்காய் உடைப்பார், கற்பூரம் கொளுத்துவார், பயணிகள் கச்சான் வாங்குவார்கள். சுடச்சுட வறுத்த கச்சானைக் கடதாசிப் பையில் சுற்றிக் கொடுக்கிறவர்களில் போரில் கணவனை இழந்த பெண்கள் பலர். கொழும்பு பஸ் நின்றால் அவர்களுடைய தாச்சியும் நின்றது. பஸ்ஸின் சாரதி, நடத்துனர், பஸ் நிலையத்தில் தண்ணீர்ப் போத்தல் விற்கும் பொடியன், தேத்தண்ணிக் கடை, ரயர் ஒட்டுகிறவர், இரவில் பஸ் கழுவுகிறவர் என்று ஒரு பஸ்ஸுக்குப் பின்னால் இத்தனை அடுப்பு.

போர்க் காலத்தில் வழி மூடியது, லீசிங் இருக்கவில்லை

வழி மூடுவது வன்னிக்குப் புதிதல்ல. பெற்றோல் தடைசெய்யப்பட்டிருந்த ஆண்டுகளில் இந்த மண்ணில் மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். ஸ்டார்ட் பண்ணுவதற்கு மட்டும் சில துளி பெற்றோலை ஊசி மருந்து மாதிரிப் பொத்திப் பொத்தி வைத்திருப்பார்கள். ஓமந்தையில் மணிக்கணக்காய் நின்றிருக்கிறார்கள். வவுனியாவில் தங்குவதற்குப் பாஸ் எடுத்திருக்கிறார்கள், வன்னியை விட்டு வெளிக்கிடவும் பாஸ் எடுத்திருக்கிறார்கள். 2002 இல் திறந்த ஏ9, 2006 ஓகஸ்டில் மறுபடி மூடியது. ஆகவே 2020 இல் ஊரடங்குப் பாஸ் என்றதும் வன்னிச் சனம் திகைத்துப் போகவில்லை. அரிசி இருக்கிறதா, மரவள்ளி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு வீட்டுக்குள் இருந்தார்கள்.

ஆனால் அந்தக் காலத்துக்கும் இந்தக் காலத்துக்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. கொரோனாவின் பாதிப்பை எடைபோட்ட பலர் அதைக் கவனிக்கவில்லை என்பது என் எண்ணம். போர்க் காலத்தில் வழி மூடினால் வருமானம் நின்றது. கடன் தன்பாட்டில் வளரவில்லை. கடன் என்றால் பக்கத்து வீட்டில், கடையில், சொந்தக்காரரிடம் வாங்கியது. அவர்களுக்கும் அதே வழிதான் மூடியிருந்தது, ஆகவே பொறுத்தார்கள். 2009 மேயில் எல்லாம் முடிந்தபோது முள்ளிவாய்க்காலில் கைவிட்டுப் போன சைக்கிள்களும் மோட்டார் சைக்கிள்களும் வான்களும் துருப்பிடித்துக் குவிந்து கிடந்தன. மெனிக் பாம் முகாமிலிருந்து திரும்பியவர்களிடம் தறப்பாள் இருந்தது, வாகனம் இருக்கவில்லை.

அந்த வெறுமைக்குள்தான் லீசிங் வந்தது. ஏ9 ஐ அகலமாக்கிக் காபற் போட்டார்கள். கிளிநொச்சியில் வங்கிகளும் நிதிக் கம்பனிகளும் வரிசையாகக் கண்ணாடிக் கதவு வைத்துத் திறந்தன. 2013 செப்டெம்பரில் கிளிநொச்சிக்கு ரயில் வந்தது. விவசாயத்துக்குத் திரும்பக் காணி விடுபடாதவர்களும், காணி இருந்தும் முதல் இல்லாதவர்களும், புனர்வாழ்வு முடித்து வெளியே வந்து வேறெங்கும் வேலை கிடைக்காத முன்னாள் போராளிகளும், ஒரு கால் இழந்தும் வண்டி ஓட்டப் பழகிக்கொண்டவர்களும் எடுத்த முடிவு ஒன்றுதான்: மனைவியின் தாலிக்கொடியை அடைவு வைத்து முற்பணம் கட்டி ஓர் ஓட்டோ எடுப்பது. கூலிக்குப் போவதைவிட மரியாதை, நாளாந்தம் கையில் காசு. நாட்டில் பதிவான முச்சக்கர வண்டிகள் 11 இலட்சத்தைத் தாண்டிய காலம் அது.

அதே வீட்டில் மனைவியின் பெயரில் இன்னொரு கடனும் இருக்கும், குழுவாகச் சேர்ந்து எடுத்த நுண்நிதிக் கடன். கிழமைக்கு ஒருமுறை வீட்டு வாசலுக்கு வந்து வசூலிப்பார்கள். 2018 இல் வரட்சி பாதித்த 12 மாவட்டங்களின் பெண்கள் எடுத்த ஒரு இலட்சத்துக்கு உட்பட்ட நுண்நிதிக் கடன்களை அரசாங்கம் தள்ளுபடி செய்ய முன்வந்தது. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மூன்றும் அந்தப் பட்டியலில் இருந்தன. நிலைமை எவ்வளவு முற்றியிருந்தது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை. 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு வீதியெங்கும் மறுபடி சோதனைச் சாவடி வந்து இரவுப் பயணம் குறைந்தது. கொரோனா வந்தது இப்படி ஏற்கெனவே மூச்சுமுட்டிக்கொண்டிருந்த வீடுகளுக்கு.

திறந்து திறந்து மூடிய இரண்டு ஆண்டு

ஒரேயடியாக மூடியிருந்தால் ஒருவர் வேறு வேலை தேடிப் போயிருப்பார். நடந்தது அப்படியில்லை. வன்னியில் பகல் ஊரடங்கு தளர்ந்த பிறகும் கொழும்பும் கம்பஹாவும் மே 26 வரை பூட்டியே கிடந்தன, இரவு பஸ் இல்லை. ஜூன் கடைசியில் நாடு முழுவதும் ஊரடங்கு நீங்கியது. மூன்று மாதம் மூச்சுவிட்டார்கள். ஒக்டோபர் முதல் வாரத்தில் மினுவாங்கொடை ஆடைத் தொழிற்சாலையிலும் அந்த மாதப் பிற்பகுதியில் பேலியகொடை மீன் சந்தையிலும் தொற்று வெடித்தது. முல்லைத்தீவு மீன் ஏற்றிப் போன லொறிக்காரருக்கு அடி நேராக விழுந்தது. மீனவர் கையில் காசில்லை என்றால் முல்லைத்தீவுத் தரிப்பிடத்தில் ஹயர் இல்லை.

2021 ஜனவரியில் வவுனியா பட்டாணிச்சூரில் தொற்று கண்டு நகரத்தை முடக்கினார்கள். மே மாதத்தில் புதுக்குடியிருப்பில் ஆடைத் தொழிற்சாலை ஊழியரிடையே தொற்று பரவியது. மே 17 இரவு புதுக்குடியிருப்பு, முல்லைத்தீவு, முள்ளியவளை பொலிஸ் பிரிவுகள் தனிமைப்படுத்தப்பட்டன. மறுநாள் மே 18. முள்ளிவாய்க்கால் நினைவு நாளுக்கு முதல் இரவில் வந்த அந்த அறிவிப்பை அங்குள்ள சனம் எப்படி எடுத்துக்கொண்டிருக்கும் என்பதை நான் விளக்கத் தேவையில்லை. மே 21 இலிருந்து ஜூன் 21 வரை நாடு முழுவதும் பயணத் தடை. ஓகஸ்ட் 20 இலிருந்து ஒக்டோபர் 1 வரை தனிமைப்படுத்தல் ஊரடங்கு. மாகாணம் விட்டு மாகாணம் போவதற்கு மே மாதத்தில் வந்த தடை, இடையில் சற்றுத் தளர்ந்தாலும், ஒக்டோபர் 31 வரை நீடித்தது. வவுனியா வடமாகாணத்தின் விளிம்பு. மாகாண எல்லை தாண்டி மதவாச்சிப் பக்கம் போகிற பஸ்கள் அந்த அரை ஆண்டின் பெரும்பகுதி சட்டப்படி ஓட முடியவில்லை.

ஓடிய நாட்களும் முழுமையாக ஓடியவை அல்ல. அடையாள அட்டையின் கடைசி இலக்கம் பார்த்து வீட்டை விட்டு வெளியே வர விட்டார்கள். ஓட்டோவில் இரண்டு பேருக்கு மேல் ஏற்றக்கூடாது. பஸ்ஸில் நின்று பயணிக்கக்கூடாது. சாரதிக்கும் பயணிக்கும் நடுவே தடித்த பொலித்தீனைக் கட்டி, கைப்பிடியில் தொற்றுநீக்கிப் போத்தலைத் தொங்கவிட்டுக்கொண்டு ஓடினார்கள். நோய்க்குப் பயந்து ஏறாதவர்கள் பாதி, காசில்லாமல் நடந்தவர்கள் பாதி. காய்ச்சல்காரரை வைத்தியசாலைக்கு ஏற்றிப்போன சாரதிக்கு, அந்த நோயாளிக்குத் தொற்று என்று முடிவு வந்தால் பதினான்கு நாள் வீட்டோடு இருக்க வேண்டும். தனிமைப்படுத்திய குடும்பத்துக்குப் பத்தாயிரம் ரூபாய்ப் பெறுமதியான உலருணவுப் பொதி வந்தது. தவணைக்கு அரிசியும் பருப்பும் கொடுக்க முடியாதே!

கொழும்பில் ஓட்டோ வைத்திருந்தவருக்கு ஒரு சின்னக் கதவு திறந்தது. பிக்மீயிலும் ஊபரிலும் சாப்பாடும் மளிகையும் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கலாம். துணுக்காயில் யார் செயலியில் சோற்றுப் பார்சல் கேட்கப் போகிறார்கள்? இங்கே சிலர் பிரதேச செயலகத்தில் நடமாடும் வியாபாரப் பாஸ் எடுத்து, பின் சீற்றைக் கழற்றிவிட்டு மரக்கறி ஏற்றினார்கள். தேங்காய், மீன், பாண் என்று எது கிடைத்ததோ அதை விற்றார்கள். இன்னும் சிலர் கச்சான் பிடுங்கப் போனார்கள், குளத்தில் வலை போட்டார்கள். பஸ் நடத்துனருக்கு அந்த வழியும் இல்லை. அவரிடம் வண்டி இல்லை, பணப்பை மட்டும்தான்.

பட்டியலில் இல்லாதவர்கள்

நிவாரணம் வரவேயில்லை என்று சொன்னால் பொய். 2020 மார்ச் கடைசியிலேயே முச்சக்கர வண்டி, பாடசாலை வான், பஸ், சிறு லொறி லீசிங் தவணைகளுக்கு ஆறு மாத அவகாசம் அறிவிக்கப்பட்டது. ஏப்ரலிலும் மேயிலும் குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு ஐயாயிரம் ரூபாய் கொடுத்தார்கள். 2021 புத்தாண்டுக்கும் மே–ஜூன் பயணத் தடையின்போதும் மறுபடி ஐயாயிரம், ஓகஸ்ட் ஊரடங்கில் இரண்டாயிரம்.

அவகாசம் என்ற சொல்லை நம்பி மூச்சுவிட்டவர்கள் ஆறு மாதம் கழித்துத்தான் கணக்கைப் பார்த்தார்கள். தவணை தள்ளிப் போயிருந்தது, வட்டி நிற்கவில்லை. நான்கு இலட்சம் முதல் மிஞ்சியிருந்த ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். வட்டி ஆண்டுக்கு 24 வீதம் என்று வைத்தால் ஆறு மாதத்தில் 48 ஆயிரம். ஒரு கிலோமீற்றரும் ஓடாமல், ஒரு பயணியும் ஏறாமல் சேர்ந்த கடன் அது. அதைத் தவணைகளோடு சேர்த்து நீட்டும்போது, நான்கு ஆண்டில் சொந்தமாக வேண்டிய வண்டி ஐந்தாம் ஆண்டுக்கும் போகிறது. அதற்குள் இரண்டாவது அலை, மூன்றாவது அலை. தவணை தவறியவர்களின் வண்டியைச் சீஸ் பண்ண ஆள் வரும் என்ற பயத்தில் இரவில் ஓட்டோவை வேறொருவர் வளவில் விட்டு மறைத்தவர்கள் இருந்தார்கள். லீசிங்காரர் வீதியில் நின்று பார்த்தால் ஓட முடியாது, ஓடாவிட்டால் கட்ட முடியாது. இந்த முடிச்சை அவிழ்க்க வழி தெரியாமல் எத்தனை ஆண்கள் வீட்டில் வாய் பேசாமல் இருந்தார்களோ.

ஐயாயிரத்தின் கதை வேறு. பட்டியல் சமுர்த்தி நிவாரணத் திட்டத்திலிருந்து தொடங்கியது. சமுர்த்தி எடுக்கிறவர்கள், எடுக்கக் காத்திருக்கிறவர்கள், முதியோர், மாற்றுத்திறனாளிகள் என்று அது நகர்ந்தது. தொழில் இழந்தோர் என்று பிறகு சேர்த்தபோது, தொழில் இழந்ததை யார் உறுதிப்படுத்துவது என்ற கேள்வி எழுந்தது. கிராம அலுவலருக்குத் தனிப்பட்ட முறையில் தெரியும். ஆனால் அவருடைய படிவத்தில் வாகனம் என்பது சொத்து என்ற பக்கத்தில் இருக்கிறது. வாசலில் ஓட்டோ நின்றால் அந்த வீடு வசதியான வீடு. அந்த ஓட்டோவின் பதிவுப் புத்தகம் லீசிங் கம்பனியின் அலுமாரியில் இருக்கிறது என்பது படிவத்துக்குத் தெரியாது. வண்டியே வாசலில் நின்று அவருக்கு எதிராகச் சாட்சி சொன்னது.

நடத்துனரின் நிலைமை இதைவிட மோசம். தனியார் பஸ்ஸில் சாரதிக்கும் நடத்துனருக்கும் அன்றன்றைய வசூலில் இருந்துதான் சம்பளம். நியமனக் கடிதம் இல்லை, சம்பளச் சிட்டை இல்லை, ஊழியர் சேமலாப நிதி இல்லை. பஸ் ஓடினால் தொழிலாளி, நின்றால் ஒன்றுமில்லை. உரிமையாளரைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. வன்னியில் பலர் ஒற்றைப் பஸ் உரிமையாளர்கள், அதுவும் கடனில் எடுத்த பஸ். ஓடாத பஸ்ஸுக்கும் காப்புறுதி கட்ட வேண்டும், அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்க வேண்டும். அவருக்கே ஒருவர் கை கொடுக்க வேண்டியிருந்தது.

2020 ஏப்ரலில் சர்வதேச தொழில் அமைப்பு ஒரு மதிப்பீட்டை வெளியிட்டது. உலகில் முறைசாராத் தொழிலில் இருக்கும் 200 கோடிப் பேரில் 160 கோடிப் பேரின் பிழைப்பைக் கொரோனா உலுக்கிவிட்டது என்பது அதன் சாரம். ஆகவே இது வன்னியின் தனிக்கதை அல்ல. ஆனால் சில இடங்களில் உதவி வேகமாகப் போய்ச் சேர்ந்தது. ஏன் என்று பார்க்க வேண்டும். டெல்லி அரசு 2020 ஏப்ரல் தொடக்கத்திலேயே ஆட்டோ, டாக்சி ஓட்டுநருக்கு ஐயாயிரம் இந்திய ரூபாய் அறிவித்தது. பொதுச்சேவை வாகனம் ஓட்டுவதற்கான வில்லை யார் யாரிடம் இருக்கிறது என்ற பட்டியல் அங்கே முன்கூட்டியே இருந்தது. ஆந்திராவில் 2019 ஒக்டோபரில் சொந்த ஆட்டோ ஓட்டுகிறவருக்கு ஆண்டுக்குப் பத்தாயிரம் ரூபாய் கொடுக்கும் வாகனமித்ரா திட்டம் தொடங்கியிருந்தது. கொரோனா வந்ததும் இரண்டாம் ஆண்டுப் பணத்தை முன்கூட்டி 2020 ஜூனிலேயே வங்கிக் கணக்கில் போட்டுவிட்டார்கள். தமிழ்நாட்டில் அமைப்புசாரா ஓட்டுநர்களுக்கு ஒரு நல வாரியமே இருக்கிறது, அதில் பதிந்திருந்தவர்களுக்கு ஆயிரம் ரூபாய் வீதம் கொடுத்தார்கள். தொகை சிறிதுதான், பதியாதவர்கள் அங்கேயும் வெளியேதான் நின்றார்கள். ஆனாலும் ஆட்டோ ஓட்டுகிறவர் ஆட்டோ ஓட்டுகிறவர் என்ற பெயரிலேயே அந்தப் பணத்தை வாங்கினார். ஏழை என்று நிரூபிக்க வீட்டு ஓடுகளை எண்ணிக் காட்ட வேண்டியிருக்கவில்லை.

137 இலிருந்து 470

நாடே பயணத் தடையில் முடங்கியிருந்த 2021 ஜூன் 11 நள்ளிரவில் பெற்றோல் லீற்றர் 137 ரூபாயிலிருந்து 157 ஆனது, டீசல் 104 இலிருந்து 111. வண்டியை வெளியே எடுக்கவே முடியாத நாளில் வந்த விலையேற்றம் அது. அந்த ஆண்டு மே மாதம் இரசாயன உரத்தைத் தடைசெய்திருந்தார்கள். அடுத்த பெரும்போகத்தில் வன்னி வயல்களின் விளைச்சல் விழுந்தது. அறுவடைக்குப் பிறகு தரிப்பிடத்தில் புழங்க வேண்டிய காசு 2022 மாசியில் புழங்கவில்லை.

பிறகு நடந்ததை நாடே அறியும். பெற்றோல் 2021 டிசம்பரில் 177, 2022 மார்ச்சில் 254, ஏப்ரலில் 338, மேயில் 420, ஜூன் கடைசியில் 470. ஜூன் 28 இலிருந்து இரண்டு கிழமை அத்தியாவசியச் சேவைக்குத்தான் எரிபொருள். பெற்றோல் செட் வாசலில் ஓட்டோவை விட்டு அதற்குள்ளேயே இரண்டு இரவு, மூன்று இரவு படுத்தார்கள். கொரோனாவில் தள்ளிப்போட்ட தவணைகள் எல்லாம் வந்து சேர்ந்த வேளை அதுதான்.

ஜூலையில் கியூஆர் அட்டை வந்தது. ஓட்டோவுக்குக் கிழமைக்கு ஐந்து லீற்றர். இந்த ஐந்து லீற்றரை வன்னியில் வைத்து ஒருமுறை அளந்து பாருங்கள். ஒரு லீற்றருக்கு 25 கிலோமீற்றர் ஓடினால் மொத்தம் 125 கிலோமீற்றர். மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்குப் போய்த் திரும்பவே ஏறத்தாழ நூறு. ஒரு கிழமைக்கு ஒரேயொரு நீண்ட ஹயர், மிச்சத்தில் சந்தைக்கு இரண்டு நடை. வெள்ளவத்தையில் ஓடுகிற ஓட்டோவுக்கும் ஒட்டுசுட்டானில் ஓடுகிற ஓட்டோவுக்கும் ஒரே அளவு வைத்தவர்கள் வரைபடத்தைப் பார்க்கவில்லை. கியூஆர் முறை 2023 செப்டெம்பர் தொடங்கும்போது நீங்கியது. ஆனால் அந்த ஓராண்டில் பலர் வண்டியை விற்றுவிட்டார்கள், அல்லது கம்பனியே எடுத்துக்கொண்டது.

எடுத்துக்கொண்ட வண்டிக்குப் பதில் இன்னொன்று வாங்கவும் முடியவில்லை. 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி தனியார் வாகனங்களுக்கு 2025 தொடக்கத்தில்தான் மறுபடி திறந்தது. இடைப்பட்ட ஐந்து ஆண்டில் பழைய ஓட்டோவின் விலை ஏறிக்கொண்டே போனது. முன்பு சொந்த வண்டியோடு தரிப்பிடத்தில் நின்றவர்களில் சிலர் இப்போது மற்றவரின் வண்டியை நாள் வாடகைக்கு எடுத்து ஓட்டுகிறார்கள். ஓடினாலும் ஓடாவிட்டாலும் மாலையில் வாடகையைக் கொடுத்தாக வேண்டும். சமுர்த்திக்குப் பதிலாக 2023 இல் அஸ்வெசும வந்தது. அங்கேயும் வாகனத்தைக் கேட்பது சொத்தைப் பற்றிய கேள்விகளுக்குள்தான். அந்த வாகனத்தால் என்ன வருமானம் வருகிறது, அதன் மேல் என்ன கடன் இருக்கிறது என்று கேட்கிற இடத்துக்கு நாம் இன்னும் வரவில்லை.

இதைச் சரிசெய்யப் புதிய சட்டமோ பெரிய நிதியோ வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை என்பது என் உறுதியான நம்பிக்கை. வேண்டிய விவரங்கள் ஏற்கெனவே வீதியில் இருக்கின்றன. ஓட்டோத் தரிப்பிடங்களில் சங்கம் இருக்கிறது. யார் அங்கத்தவர், எந்த வண்டி, யார் முதலில் நிற்பது, யார் சந்தா கட்டவில்லை என்பதெல்லாம் சங்கச் செயலாளரின் கொப்பியில் இருக்கும். அந்தக் கொப்பியைப் பிரதேச செயலகம் ஆண்டுக்கு ஒருமுறை வாங்கிப் பதிந்தால், அடுத்த முறை வெள்ளமோ நோயோ பெற்றோல் தட்டுப்பாடோ வரும்போது கிராம அலுவலர் வாசலில் நிற்கிற ஓட்டோவைப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டியதில்லை. லீசிங் அவகாசம் கொடுக்கும்போது அந்தக் காலத்து வட்டியை யார் சுமப்பது என்பதையும் மத்திய வங்கி அறிவிப்பிலேயே எழுத வேண்டும். அதை எழுதாமல் விட்டால் சாரதிதான் சுமப்பார் என்பதை 2020 காட்டிவிட்டது.

தொடங்க வேண்டியது நடத்துனர்களிடமிருந்து. அவர்களுக்குத்தான் கொப்பியும் இல்லை. வடக்கு மாகாண வீதிப் பயணிகள் போக்குவரத்து அதிகார சபை தனியார் பஸ்களுக்கு அனுமதிப்பத்திரம் கொடுக்கிறது. வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் பஸ் நிலையத்தில் நேரக்காப்பாளர் ஒவ்வொரு பஸ்ஸின் இலக்கத்தையும் புறப்படும் நேரத்தையும் குறிக்கிறார். அதே வரியில் அன்றைய சாரதியின் பெயரையும் நடத்துனரின் பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தோடு எழுத இன்னும் இரண்டு பத்தி கோடு போட்டால் போதும். மாதக் கடைசியில் அந்தத் தாளின் பிரதி ஒன்று பிரதேச செயலகத்துக்கும் இன்னொன்று தொழில் திணைக்களத்துக்கும் போகட்டும். இருபது வருடமாகப் பஸ் படியில் நின்று ஊர்ப் பெயர் கூவுகிற மனிதருக்கு, அவர் அந்த வேலையைச் செய்கிறார் என்று சொல்லும் முதல் அரசாங்கத் தாள் அதுவாக இருக்கும்.